குதிரையா, ஏறுவோனா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஐப்பசி மாதத்தை ஒட்டி, கெண்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகரில் பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர்க்கென்று ஆண்டுதோறும் ஒரு குதிரையேற்றப் போட்டி நடைபெறுகிறது. மக்ளே போட்டி என்பது அதன் பெயர். 1883-ல் நியூயார்க் நகரில் தோன்றிய தேசியக் குதிரைக் காட்சியின் ஓர் அங்கம் அது. அக்காட்சி பல இடம் மாறி, 2011 முதல் லெக்சிங்டனில் கூடி வருகிறது. குதிரைப் பந்தயம் என்றவுடன் கிண்டி மைதானமும், அங்கே கைப்பொருளைத் தோற்றுத் தெருவில் நின்ற குடும்பங்களும் நினைவுக்கு வரும் நம்மவர்க்கு, இது வேறு வகையைச் சேர்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே வேகத்துக்குப் பரிசில்லை. குதிரையின் அழகுக்கும் மதிப்பெண் இல்லை. அதன் முதுகின்மேல் இருக்கும் பிள்ளை எவ்வாறு அமர்ந்திருக்கிறது, எவ்வாறு அதை நடத்துகிறது என்பது ஒன்றே தீர்ப்புக்குரிய விஷயம்.

அயல் நாட்டுப் பிள்ளைகள் குதிரையேற்றத்தில் தேறினால் என்ன, தவறினால் என்ன, நமக்கு அதில் யாது அக்கறை என்று கேட்கும் அன்பர்கள் 1892-ஆம் வருஷத்தை நினைவு கூர்வார்களாக. அவ்வருஷம் லண்டனில், எழுத்துப் பரீட்சைகளிலெல்லாம் தேறிய அரவிந்த கோஷ் என்னும் வங்காள இளைஞர், குதிரைச் சவாரிப் பரீட்சை ஒன்றினால் ஐ. சி. எஸ். உத்தியோகத்துக்குத் தகாதவர் என்று தள்ளப்பட்டார். தருணங்கள் அளிக்கப்பட்டும் அவர் போய்ப் பரீட்சையை முடிக்கவில்லை. வேண்டுமென்றே தவிர்த்தார் என்பர். ஜில்லாவைச் சுற்றிவரும் கலெக்டருக்குக் குதிரை ஏறத் தெரிந்திருக்க வேண்டியது அக்காலத்தில் அவசியமே. அதை நாம் குறை கூறவில்லை. அந்தப் பரீட்சை சர்க்காருக்கு ஓர் உத்தியோகஸ்தரை இல்லாமற் செய்தது. தேசத்துக்கு ஒரு தலைவரை அளித்தது. 1910-ல் அவரைப் புதுச்சேரியில் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த வழியே. ஆகவே, குதிரையின்மேல் ஒருவர் இருக்கும் இருக்கையைக் கண்டு அவருடைய தகுதியை நிர்ணயிக்கலாமா, நிர்ணயிப்பவர் யார், எதைக் கொண்டு நிர்ணயிக்கிறார் என்னும் கேள்விகள் நமக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல.

மக்ளே போட்டி பிறந்த கதை நல்ல கதை. 1866-ல் நியூயார்க் வீதிகளில் டிராம் வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் இழுத்து இழுத்து விழுந்து மடிந்த குதிரைகளின் பொருட்டு, ஹென்றி பெர்க் என்பவர் மிருக ஹிம்சைத் தடுப்புச் சங்கத்தை ஸ்தாபித்தார். ருஷ்ய நாட்டில் ராஜதந்திர உத்தியோகம் பார்த்துத் திரும்பிய செல்வர் அவர். 1872-ல் குதிரைகளுக்கு ஒரு கொள்ளை நோய் கண்டு நகரமே ஸ்தம்பித்தபோது, நோயுற்ற குதிரைகளைப் பூட்டி ஓட்டிய டிராம்களை அவர் நடுவீதியில் மறித்து நிறுத்தினார். முதலாளிகள் சீறினார்கள், பத்திரிகைகளில் சில அவரைக் கேலி செய்தன. அவர் அசையவில்லை. அச்சங்கத்தின் பெயரால், ஆல்பிரெட் மக்ளே என்ற குதிரைப் பிரியரின் பெயரையும் தாங்கி, 1933-ல் சிறார்க்கு ஏற்பட்டதே இந்தப் போட்டி. குதிரையை வதைக்காமல் நடத்தத் தெரிந்த பிள்ளைக்குப் பரிசு என்பது அதன் மூலாதாரம். இதை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால்தான் போட்டியின் நுட்பம் விளங்கும். இல்லாவிட்டால் கோட்டு அணிந்த குழந்தைகள் வரிசையாய் வந்து போகும் அலங்கார ஊர்வலமாகவே தோன்றும்.

அங்கே காலை ஏழு மணியாகும்போது நமக்கு மாலை நாலரை மணி. ஆதலால் நேரடி ஒளிபரப்பில் இதைக் காண்பது சிரமமன்று. நாம் பார்த்தபோது உடனிருந்த நண்பர் ஒருவர் சென்னைக் குதிரைப் போலீஸில் பல ஆண்டு சேவித்து ஓய்வு பெற்றவர். அவர் வாய் திறந்து பேசுவது அருமை. பேசினால் அது குதிரையைப் பற்றியதாகவே இருக்கும்.

விடியற்காலையில் பிள்ளைகள் குதிரையின்றிக் கால்நடையாகக் களத்தில் நடக்கிறார்கள். தடைக்கும் தடைக்கும் இடையிலுள்ள தூரத்தை அடியிட்டு அளக்கிறார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தாவு நடையில் செல்லும் குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறக்குறைய 12 அடி. ஒரு தடையைத் தாண்டி இறங்குவதற்கு 6 அடி, அடுத்த தடைக்கு எழும்புவதற்கு 6 அடி. இரண்டு தடைகளுக்கிடையே 60 அடி இருக்குமாயின், இவ்விரண்டு ஆறுகளையும் கழித்த 48 அடியில் சரியாக நான்கு பாய்ச்சல் அடங்கும். ஆனால் தூரத்தை வேண்டுமென்றே 57 ஆகவோ 63 ஆகவோ அமைத்து வைப்பார்கள். அப்போது பாய்ச்சலைச் சற்றுக் குறுக்குவதா, நீட்டுவதா என்று ஏறுவோன் முன்கூட்டியே முடிவு செய்து, அதைக் குதிரைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பது பார்ப்பவர் கண்ணில் படலாகாது. மூன்றரை அடி உயரத் தடை பெரிய தடையன்று; அதை வந்தடையும் விதத்திலேதான் பிள்ளையின் புத்தி வெளிப்படுகிறது.

முதல் சுற்றில் ஒரு பெண் குழந்தை, பதினைந்து வயதிருக்கலாம், எட்டுத் தடைகளை நீரோட்டம் போலத் தாண்டிப் போனாள். குதிகால் தாழ்ந்திருந்தது, பார்வை அடுத்த தடையின்மேல் இருந்தது, முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை கை ஒரு நேர்கோடாக நின்றது. கூட்டம் ஆரவாரம் செய்தது. நம் நண்பர் மட்டும், “கையைப் பாருங்கள், ஐயா” என்றார். தாவும் கணத்தில் குதிரை கழுத்தை நீட்டும்; கை அதனோடு முன்னே செல்லாவிடில் கடிவாளத்து இரும்பு வாயில் அறையும். அந்தப் பெண்ணின் கை பிடரியோடு பிடரியாய்ச் சென்று, குதிரை தரையிறங்கியபின் தானும் திரும்பிற்று. பெர்க் வீதியில் நின்று கேட்ட கருணை இந்தக் கையில் இருக்கிறது. பழைய காலத்தில் தடை தாண்டும்போது பின்னுக்குச் சாய்ந்து கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவதே வீரம் என்றிருந்தார்கள். இத்தாலியக் குதிரைப் படையைச் சேர்ந்த பெடரிகோ காப்ரிலி, 1907-ல் முப்பத்தொன்பது வயதில் மாள்வதற்குள், அது குதிரைக்கு இழைக்கும் துரோகம் என்று நிரூபித்து, குதிரையின் போக்கோடு முன்னே குனியும் முறையை ஏற்படுத்திச் சென்றார். இன்று உலகமெங்கும் தடை தாண்டுவோர் அவர் வழிவந்தோரே.

தடைச் சுற்றில் தேறியவர்களுள் சிலரை மாத்திரம் மீண்டும் அழைத்து, ஒரே சமயத்தில் எல்லோரையும் களத்தில் விட்டுச் சமதரைப் பயிற்சியில் பரீட்சிக்கிறார்கள். அனுபவமில்லாதவர்க்கு இந்தப் பகுதி சலிப்பூட்டும். அனுபவமுள்ளவர்க்கு இதுவே விருந்து. இடப்புறம் வளைந்து ஓடும் குதிரை இயல்பாக இடது முன்காலை முன்வைத்துப் பாயும். அதை வலது காலை முன்வைத்தபடியே இடப்புறம் வளையச் செய்க என்று உத்தரவாகிறது. குதிரைக்கு அசௌகரியம், ஏறுவோனுடைய எடை சிறிது பிசகினால் உடனே காலை மாற்றிக்கொள்ளும். அடுத்தாற்போல், அங்கவடியிலிருந்து காலை எடுத்துவிடச் சொல்கிறார்கள். கால் ஊன்ற இடமின்றி, தொடையின் பலத்தாலும் உடலின் சமநிலையாலும் மட்டும் தங்க வேண்டும். பகட்டாய் அமர்ந்திருந்தவர் இருவர் அந்த உத்தரவு கேட்ட மாத்திரத்தில் சேணத்தில் கீரை மூட்டை போல் ஆடத் தொடங்கினர். நண்பர் சிரித்தார்.

இந்தப் போட்டியில் தேறியவர்கள் பிற்காலத்தில் என்னவானார்கள்? 1941-ல் பரிசு பெற்ற வில்லியம் ஸ்டைன்கிராஸ், இரண்டாம் உலக யுத்தத்தில் குதிரைப் படைப் பிரிவொன்றில் சேர்ந்து, அப்பிரிவு குதிரைகளை இழந்து காலாளாய் மாறியபின், நம்மவர் பல்லாயிரம் பேர் கால்நடையாய் ஓடிவந்த அந்தப் பர்மாக் காடுகளில் போரிட்டவர். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தடை தாண்டலில் தனிநபர் தங்கப் பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கரும் அவரே. 1972-ல் வென்ற லெஸ்லி பர், 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கக் கோஷ்டியில் ஒருவர். ஆகவே போட்டி பொய்ப் போட்டியன்று. இருந்தும், பார்த்துக்கொண்டிருந்த நமக்கு மனம் முழுவதும் ஒப்பவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, தீர்ப்பு. தடை தாண்டல் பந்தயத்தில் கழி விழுந்ததா இல்லையா, கடிகாரம் என்ன சொல்லிற்று என்பதோடு விவகாரம் முடிந்தது. இங்கோ நீதிபதிகள் மேடையில் அமர்ந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணைத் தருகிறார்கள். ஏன் என்று கூறுவதில்லை. அபிப்பிராயத்தைப் பற்றி ஆட்சேபம் செய்யவும் விதி இடந்தருவதில்லை. விதிமீறல் இருந்தால் மட்டுமே முறையிடலாம். நியாயஸ்தலங்களில் காலங் கழித்த நமக்கு இது உறுத்துகிறது. காரணங் கூறாத தீர்ப்பைக் கீழ்க் கோர்ட்டு எழுதினால் மேல் கோர்ட்டு ஒரு நிமிஷம் பொறுக்குமா? அபிப்பிராயத்தால் அளக்கப்படும் கலை எதுவாயினும் அப்படித்தான், சங்கீதக் கச்சேரிக்குக் காரணம் எழுதித் தருகிறார்களா என்று நண்பர்கள் சிலர் வாதித்தார்கள். வாதம் கெட்டிக்காரத்தனமானது. ஆயினும் பாகவதருடைய பிழைப்பு ஒரு சபையின் ஒரு மாலைப்பொழுதைப் பொறுத்ததன்று. இப்பிள்ளைகளோ பதினெட்டு வயதுக்குள் ஒரே மேடையின்முன் நிற்பதற்காகப் பள்ளிக்கூடத்தைக்கூடப் பாதி விட்டு உழைக்கிறார்கள். அவர்களுடைய ஆசை முழுவதும் ஓர் ஆசிரியரின் தலையசைப்பில் இருக்கிறது. இதன் அபாயம் கற்பனையன்று. 1952-ல் பதினான்காம் வயதிலேயே மக்ளே போட்டியையும் அதற்கு நிகரான தேசியப் பதக்கப் போட்டியையும் ஒருங்கே வென்று, பின்பு அரை நூற்றாண்டு அந்நாட்டின் குதிரையேற்றத்துக்கே குருபீடமாய் விளங்கியவர் ஜார்ஜ் மாரிஸ். சிறாரிடம் தகாத நடத்தை பற்றிய குற்றச்சாட்டின்பேரில் 2019-ல் அவருக்கு நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது. அவர் மறுத்து முறையிட்டார். நடுவர்கள் தடையை ஊர்ஜிதம் செய்தார்கள். கேள்வி கேட்கக்கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளைகளும் பெற்றோரும் எத்தனை எளிதில் வாய்மூடி இருப்பார்கள் என்பதை நாம் விரித்துக் கூற வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. மதிப்பெண் ஏறுவோனுக்கு என்கிறார்கள்; குதிரை கணக்கில் இல்லை என்கிறார்கள். ஆனால் பிள்ளை களத்துக்கு வருவது தான் கொண்டுவந்த குதிரையின்மேல். ஆண்டுக்கணக்கில் இதற்கென்றே பழக்கப்பட்டு, பாய்ச்சல் கணக்கைத் தானே போடத் தெரிந்த, பிழை செய்தாலும் மன்னித்துத் தாண்டிவிடக்கூடிய குதிரை விலைக்குக் கிடைக்கிறது. அத்தகைய குதிரையை ஒரு பருவத்துக்கு வாடகைக்கு அமர்த்தவே பல்லாயிரம் டாலர் ஆகிறது, வாங்குவதென்றால் லட்சக்கணக்கு. மதுரையில் சொக்கநாதர் நரியைப் பரியாக்கினார் என்று திருவிளையாடல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே சாமானியச் சவாரிக்காரனைச் சாம்பியனாக்கும் திருவிளையாடலைச் செக்குப் புத்தகம் செய்கிறது. அந்தப் பெண் குழந்தையின் கை மெய்யாகவே கருணையுள்ள கைதானா, அல்லது எந்தக் கைக்கும் இணங்கும் விலையுயர்ந்த குதிரையினால் அப்படித் தோன்றிற்றா? “பிள்ளை சமர்த்து. ஆனால் யார் யாரை ஓட்டுகிறார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லையே” என்றார் நண்பர். மேடையிலிருந்து மட்டும் தெரியுமா?

குதிரையை அறிந்தவன் ஒருவன் அங்கே இருக்கத்தான் இருக்கிறான். அவன் பெயரை ஒருவரும் வாசிப்பதில்லை. விடியுமுன் எழுந்து பிடரி மயிரைச் சிறு சிறு சடையாகப் பின்னி, காலைத் தடவி வீக்கம் பார்த்து, தீனி வைத்து, சேணம் பூட்டி, பிள்ளை ஏறும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் குதிரைக்காரன் அவன். பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்தும் அதற்குத் தெற்கேயிருந்தும் பிழைக்க வந்தவன். அவனுடைய விலையை அறியாத ராஜ்யம் என்ன பாடுபடும் என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே பெரும் பொன் கொடுத்து வாங்குகிறான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், காரணம் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமையே என்றும் எழுதி வைத்தான். எண்ணிக்கையை அவன் மிகைப்படுத்தியிருக்கலாம். காரணத்தை அவன் சரியாகவே கண்டான்.

குதிரை விளையாட்டில் அந்தஸ்து புகுந்து நியாயத்தைக் கெடுப்பது இன்று நேற்று வந்ததன்று. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் குதிரை நடைப் பயிற்சியில் ஸ்வீடன் கோஷ்டி தங்கம் வென்றது. அக்கோஷ்டியில் ஒருவரான பெர்ஷன் உண்மையில் சார்ஜெண்ட். அதிகாரிகள் மட்டுமே ஏறலாம் என்ற விதிக்காகப் போட்டிச் சமயத்தில் மாத்திரம் அவருக்கு லெப்டினண்ட் பட்டம் சூட்டி, பிறகு கழற்றிவிட்டார்கள். இது வெளியானதும் 1949-ல் தங்கம் பறிக்கப்பட்டது. அவர் மோசமாக ஏறினார் என்று ஒருவரும் சொல்லவில்லை! உலகம் நகைத்தது, விதி மாறிற்று, 1952-லும் 1956-லும் அதே பெர்ஷன் அதே ஸ்வீடனுக்காகத் தங்கம் வென்றார். அதே 1952-ல்தான் பெண்களுக்கும் ஒலிம்பிக் குதிரையேற்றத்தின் கதவு முதன்முதல் திறந்தது. இன்று மக்ளே களத்தில் பெரும்பாலோர் பெண்களே. ஆகவே விதியை மாற்றினால் நியாயம் பிறக்கும் என்பதற்கு இந்த விளையாட்டுக்குள்ளேயே அத்தாட்சி இருக்கிறது.

மாற்ற வேண்டிய விதி எது? நளன் கதையை நினைத்துப் பாருங்கள். உருமாறி வாகுகன் என்ற பெயரோடு இருதுபன்னனிடம் தேரோட்டியாய் இருந்த நளன், விதர்ப்பத்துக்கு விரைந்து செல்ல வேண்டியபோது லாயத்திலிருந்து மெலிந்த குதிரைகளைத் தேர்ந்தான். அரசன் முகஞ் சுளித்தான். அந்தக் குதிரைகளைக் கொண்டு நளன் தேரை ஓட்டிய ஓட்டத்திலேதான் அவன் யாரென்னும் ஐயமே பிறந்தது. அழகிய குதிரைகளைப் பூட்டியிருந்தால் குதிரைக்கல்லவா புகழ் போயிருக்கும்?

அமெரிக்கர் இதை அறியாதவரல்லர். குதிரைகளை மாற்றி ஏறச் செய்யும் பரீட்சை அவர்கள் விதிப் புத்தகத்திலேயே உண்டு. வாஷிங்டன் சர்வதேசக் குதிரைக் காட்சியில் நடைபெறும் சிறார் போட்டியில் இறுதிக்கு வரும் பத்துப் பேரும் ஒருவர் குதிரையை ஒருவர் மாற்றி ஏறியே தீர வேண்டும். லெக்சிங்டனிலும் இதனைக் கட்டாயமாக்குவதற்குத் தடை யாது? குதிரைக்குச் சொந்தக்காரர்கள் இணங்கார்கள், பெருவிலைக் குதிரை பிறன் கையில் காயப்பட்டால் யார் பொறுப்பு என்கிறார்கள். அந்நியப் பிள்ளை ஐந்து நிமிஷம் ஏறினால் கெட்டுவிடும் குதிரையின்மேல் ஏறித்தான் திறமையைக் காட்ட வேண்டுமென்றால், காட்டப்படும் திறமை யாருடையது?

இதைவிட ஒரு படி மேலே சென்றவர்கள் அந்நாட்டுக் கலாசாலை மாணவர்கள். 1967-ல் பாப் கச்சியோனி என்ற மாணவரின் முயற்சியால், கலாசாலைகளுக்கிடையிலான குதிரையேற்றச் சங்கம் ஏற்பட்டது. அதில் ஒருவரும் தம் குதிரையைக் கொண்டுவர முடியாது. போட்டி நடத்தும் கலாசாலை குதிரைகளை அளிக்கிறது. மாணவன் சீட்டெடுக்கிறான், சீட்டில் வந்த குதிரையின்மேல், முன் பழக்கமோ ஒத்திகையோ இன்றி, ஏறிக் களம் புகுகிறான். அன்றுதான் முதல்முறை குதிரை ஏறக் கற்றவனுக்கும் தனி வகுப்பு உண்டு. அவன் பெறும் புள்ளியும் தேர்ந்தவன் பெறும் புள்ளியும் கோஷ்டிக்கு ஒரே கணக்கு. 2002-ல் இதே முறையைப் பின்பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஒரு சங்கம் தோன்றியது. கலாசாலைகளின் வேறொரு போட்டி முறையில், எதிரெதிர்க் கட்சியைச் சேர்ந்த இருவரை ஒரே குதிரையின்மேல் ஒருவர் பின் ஒருவராக ஏற்றி, இருவருள் யார் மேல் என்று பார்க்கிறார்கள். குதிரை ஒன்றே, களம் ஒன்றே, வித்தியாசம் இருந்தால் அது ஏறியவனுடையது. நீதிபதி காரணங் கூறாவிட்டாலும், காரணம் பார்ப்போர் கண்முன் நிற்கிறது.

இப்போட்டியொன்றையும் நம் நண்பர்க்குக் காட்டினோம். சீட்டில் முரட்டுச் சிவப்புக் குதிரை ஒன்று வந்துவிட்டது, மெலிந்த ஒரு மாணவனுக்கு. முதல் தடையில் அது நின்றுவிட்டது. பையன் சாட்டையைத் தொடவில்லை. கழுத்தைத் தட்டிக்கொடுத்து, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டு வந்து, இம்முறை இரண்டு பாய்ச்சல் முன்னதாகவே காலால் அழுத்தித் தாண்டவைத்தான். மீதி ஏழு தடைகளிலும் அது அவன் சொன்னபடி கேட்டது. முதல் தடையில் நின்றதற்காகப் பரிசு அவனுக்கு இல்லாமற் போயிற்று. நண்பர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் குதிரையைப் பிடித்துச் செல்ல வந்த ஆள் யாரென்று விசாரித்தார்.